குதிரைத் தீவன மூட்டையில் இரண்டு வகை ஓட்ஸ்: கறுப்பு மணி ஏன் முளைக்கவில்லை?

லயத்துக்காரர் (பாயா தெருபோங், பினாங்கு):

எல்லாருக்கும் வணக்கம். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி தட்டச்சு செய்கிறாள். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து காந்தோங் பக்கம் குதிரை லயத்தில் 38 வருஷம் சைஸ் வேலை, அதாவது குதிரை பராமரிக்கிற வேலை, பார்த்தவன் நான். என் அப்பாவுக்கும் அதே வேலைதான். விடியற்காலை நான்கரைக்கு லயத்துக்குள் நுழைந்தால் முதல் வேலை தீவனம். ஓட்ஸ் டின்னுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி மூக்குக்கிட்டே கொண்டுபோவேன். பூஞ்சை வாசம் லேசாக அடித்தாலும் அந்த மூட்டையைத் தொட மாட்டேன். நல்ல ஓட்ஸ் என்றால் உள்ளங்கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும். எல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த சரக்கு. உமியோடு முழு மணியாக இருக்கும், கடையில் டின்னில் விற்கிற தட்டை ஓட்ஸ் மாதிரி இருக்காது.

அந்த மூட்டைகளில் கூடவே இன்னொரு மணியும் வரும். அளவில் கொஞ்சம் மெலிந்தது, நிறம் கறுப்பு. உடம்பில் பழுப்புச் சுணை. முதுகு நடுவிலிருந்து ஒரு வால் கிளம்பி, முழங்கையை மடக்கியது போல் பாதியில் மடங்கி நிற்கும். மடங்குவதற்குக் கீழே உள்ள பகுதி கயிறு மாதிரி முறுக்கியிருக்கும். அப்பா இதை 'முடி ஓட்ஸ்' என்பார். "முடி ஓட்ஸைப் பொறுக்கிட்டுப் போடுடா, வாயில்லாத ஜீவன், சொல்லத் தெரியாது" என்று தினமும் சொல்வார். நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பெட்டைக் குதிரை இரண்டு நாள் தீனி எடுக்கவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறில் அந்த வால் குத்திப் புண்ணாகிச் சீழ் பிடித்திருந்தது. விரலாலேயே எடுத்தேன். அது அசையாமல் நின்றதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஓட்ஸை முறத்தில் புடைக்காமல் எந்தக் குதிரைக்கும் போட்டதில்லை.

போன மாதம் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, பாட்டி காலையில குடிக்கிற ஓட்ஸும் நீங்க குதிரைக்குப் போட்ட ஓட்ஸும் ஒரே செடியா?" வீட்டுக்காரிக்குச் சர்க்கரை, பத்து வருஷமாகக் காலையில் ஓட்ஸ் கஞ்சிதான். ஒரே செடி என்று சொல்லிவிட்டேன். "அப்போ முடி ஓட்ஸ்?" என்றாள். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷம் கையால் பொறுக்கி எறிந்த மணி என்னவென்று தெரியாமலே இருந்திருக்கிறேன் என்பது மனதை உறுத்தியது.

இன்னும் குதிரை வேலையில் இருக்கும் பழைய நண்பர் ஒருவரிடம் இரண்டு கிலோ தீவன ஓட்ஸ் கேட்டு வாங்கினேன். புடைத்துப் பொறுக்கியதில் 31 முடி ஓட்ஸ் கிடைத்தது. எங்கள் ஃபிளாட் பால்கனியில் மூன்று தொட்டி வைத்தேன். முதல் தொட்டியில் 12 மஞ்சள் மணி. இரண்டாவதில் 12 கறுப்பு மணி. மூன்றாவதில் வீட்டுக்காரியின் டின்னிலிருந்து ஒரு கரண்டி தட்டை ஓட்ஸ். மஞ்சள் நான்காம் நாளே பத்து முளைத்துவிட்டது, இப்போது ஒரு சாண் உயரம். தட்டை ஓட்ஸ் பூசணம் பூத்துப் போனது. கறுப்பு மட்டும் இன்றோடு 26 நாள் ஆகியும் ஒன்றுகூட வெளியே வரவில்லை. நேற்று இரண்டைத் தோண்டி எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தேன். அழுகவில்லை. நட்டபோது இருந்த மாதிரியே கெட்டியாக இருந்தது, திரும்ப மண்ணுக்குள் வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிச்சமிருந்ததில் ஏழு கறுப்பு மணியை ஈர டிஷ்யூவில் வைத்து இரவு மேசைமேல் விட்டிருந்தோம். பேத்தி கூப்பிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தால் வால் மெதுவாகச் சுற்றுகிறது! முறுக்கு அவிழ அவிழ மணியே புரண்டு புரண்டு நகர்கிறது. ஒன்று தட்டு விளிம்புவரை வந்துவிட்டது. மறுநாள் காற்றாடிக்குக் கீழே காயவைத்ததும் பழையபடி முறுக்கிக்கொண்டது.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டும் ஒரே செடியின் பிள்ளைகளா? அந்தக் கறுப்புதான் மூதாதையா, அதிலிருந்துதான் மஞ்சள் வந்ததா? ஏன் முளைக்கமாட்டேன் என்கிறது? புத்தகத்தில் ஓட்ஸுக்குக் காடைக்கண்ணி என்று போட்டிருப்பதாகப் பேத்தி சொல்கிறாள். லயத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.


செந்தூல் தம்பி (கோலாலம்பூர்):

வணக்கம் ஐயா. குதிரை வாயில் புண் என்று படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது.

நான் மேற்கு ஆஸ்திரேலியாவில் நார்தம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் இரண்டு அறுவடைக்கு வேலை செய்தவன். கோதுமை, பார்லி, ஓட்ஸ் மூன்றும் போடுவார்கள். நீங்கள் சொல்வது காட்டு ஓட்ஸ். அங்கே கறுப்பு ஓட்ஸ் என்றும் சொல்வார்கள். கறுப்பாக இருந்தால் காடு, மஞ்சளாக இருந்தால் வீடு. அவ்வளவுதான் ஐயா.

கோதுமை வயலில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கோதுமைக் கதிர் நேராக, கட்டையாக நிற்கும். காட்டு ஓட்ஸ் அதற்கு மேலே ஒரு தலை உயரமாக வந்து, கிளை கிளையாகப் பிரிந்த கதிரைத் தொங்கவிட்டுக்கொண்டு காற்றில் ஆடும். கோதுமையை விட்டுவிட்டு இதை மட்டும் சாகடிக்கிற மருந்து உண்டு, அடிப்பார்கள். சில வயல்களில் அந்த மருந்துக்கும் சாகாத வகை வந்துவிட்டது. ஆனால் ஓட்ஸ் வயலுக்குள் காட்டு ஓட்ஸ் புகுந்துவிட்டால் முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். பயிரைக் கொல்லாமல் இதை மட்டும் கொல்ல மருந்தே இல்லை. விதைக்கென்று ஒதுக்கிய வயலில் நாங்கள் வரிசையாக நடந்து கையால் பிடுங்கிச் சாக்கில் போட்டோம். வெயிலில் மூன்று நாள் வேலை.

அறுவடை இயந்திரம் வருவதற்குள் அது பாதிக்கு மேல் விதையைக் கீழே கொட்டிவிட்டிருக்கும். கதிரில் வெறும் கூடு மட்டும் வெள்ளைக் காகிதம் மாதிரி தொங்கும். கொட்டாமல் மிஞ்சியதுதான் பயிரோடு சேர்ந்து இயந்திரத்துக்குள் போய், மூட்டையில் ஏறி, கப்பலில் வந்து உங்கள் கைக்குக் கிடைத்திருக்கிறது.


ஜெலுத்தோங் அம்மா:

நானும் சர்க்கரைக்காரி. காட்டுத் தேன், காட்டு நெல்லிக்காய் எல்லாம் உசத்தி என்கிறார்களே, காட்டு ஓட்ஸ் கிடைத்தால் அது இன்னும் நல்லதா? யாராவது சாப்பிட்டிருக்கிறார்களா?


வயல் டீச்சர் (கெப்பாலா பத்தாஸ்):

ஐயா, உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். நாள் குறித்து, எண்ணி நட்டு, முளைக்காததைத் தோண்டி அழுத்தியும் பார்த்திருக்கிறீர்கள். 22 வருஷம் செபராங் பிறை நெல் வயல்களில் களை எண்ணிக் கணக்கெழுதிய எனக்கு, இப்படிப் பார்க்கிற கண்ணைக் கண்டால் சந்தோஷமாக இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய பதில் அந்த அழுகாத மணியில்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் பெயர். மஞ்சள் மணி அவீனா சட்டைவா. சட்டைவா என்றால் லத்தீனில் 'விதைக்கப்பட்டது'. கறுப்பு மணி, நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு, அவீனா ஃபட்டுவாவாக இருக்க வேண்டும். அந்தச் சொல்லுக்குச் சாரமற்றது, மடத்தனமானது என்று பொருள். 1753ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர்கள் இவை. இவ்வளவு காரியக்காரச் செடிக்கு அப்படி ஒரு பெயர் வைத்தது எனக்கு ஒப்பவில்லை. தமிழில் காடைக்கண்ணி என்று எழுதுவது உண்டு. உங்கள் அப்பா வைத்த 'முடி ஓட்ஸ்' எனக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது, பார்த்ததைச் சொல்கிறது.

மூதாதையா என்று கேட்டீர்கள். இல்லை, இரண்டும் பங்காளிகள். மத்தியதரைக் கடலோரத்திலும் மேற்கு ஆசியாவிலும் வளரும் அவீனா ஸ்டெரிலிஸ் என்ற இன்னொரு காட்டு ஓட்ஸ்தான் இரண்டுக்கும் தாத்தா என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மூன்றுக்கும் உயிரணுவில் 42 குரோமோசோம், ஏழின் ஆறு மடங்கு. நம் நெல்லுக்கு 24தான். கணக்கு ஒத்துப்போவதால் சட்டைவாவும் ஃபட்டுவாவும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் மகரந்தம் கலந்து விதை பிடிக்கும், அந்த விதை மலடாகவும் இருக்காது. ஆனால் இரண்டும் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே கருவுறுபவை, அதனால் கலப்பு அபூர்வம். இந்த நெருக்கத்தைப் பார்த்துச் சில தாவரவியலாளர்கள் இரண்டையும் ஒரே இனத்தின் பிரிவுகளாகவே வைக்கிறார்கள்.

செந்தூல் தம்பி வயலைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. நிறத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் மறுக்கிறேன். காட்டு ஓட்ஸில் வெள்ளையும், மஞ்சளும், சாம்பலும் உண்டு. பயிரிடும் ஓட்ஸிலும் கறுப்பு உமி ரகம் இருக்கிறது. சுணையும் கூடும் குறையும். பயிரிலும் சில மணிக்கு வால் இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் நேராக, வலுவில்லாமல் நிற்கும். இலையைப் பார்த்துச் சொல்வது இன்னும் கஷ்டம். இரண்டுக்கும் இலை அடியில் தண்டைத் தழுவுகிற காது போன்ற நீட்சி கிடையாது, இரண்டுக்கும் இலை தண்டோடு சேரும் இடத்தில் சவ்வு போன்ற நாக்கு உண்டு, இரண்டின் இலையும் மேலிருந்து பார்த்தால் இடப்பக்கமாக, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் முறுக்கும். கோதுமைக்கும் பார்லிக்கும் காது உண்டு, இலை வலப்பக்கம் முறுக்கும். ஆகவே இலை 'இது ஓட்ஸ்' என்று சொல்லும், எந்த ஓட்ஸ் என்று சொல்லாது.

சொல்லக்கூடிய இடம் ஒன்றுதான், மணியின் அடி. ஒரு பூதக்கண்ணாடி எடுத்து, வால் இருக்கும் பக்கம் மேலே வைத்து, கீழ்முனையைப் பாருங்கள். காட்டு ஓட்ஸில் குழந்தை பால் குடித்துவிட்டு எடுத்த வாய் மாதிரி ஒரு வட்டக் குழி இருக்கும், சுற்றிலும் மயிர் வளையம். மஞ்சள் மணியில் அந்தக் குழி இருக்காது. ஒடித்த காம்பு போல் சொரசொரப்பாக இருக்கும்.

அந்தக் குழிதான் இரண்டு செடியின் வாழ்க்கைக்கும் உள்ள வித்தியாசம். காட்டுச் செடி ஒவ்வொரு மணிக்கும் அடியில் ஒரு பிரிவு அடுக்கை முன்கூட்டியே கட்டி வைக்கிறது. மணி முற்றியதும் அந்த அடுக்கு விட்டுவிடும், மணி தானாக விழும். உதிரும் மணி அறுவடைக்காரன் கைக்கு வராது, உதிராத மணிதான் மூட்டைக்கு வரும், மூட்டையில் இருப்பதைத்தான் அடுத்த வருஷம் விதைப்பான். இப்படித் தலைமுறை தலைமுறையாக நடந்து, விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிற செடி வயலில் மிஞ்சியது. அடித்து உதிர்த்தால்தான் அது மணியை விடும். சட்டைவா அப்படி வந்தது.

எங்கள் பக்கம் வயலுக்குப் போனவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. பாடி அங்கின் என்று மலாய்க்கார விவசாயிகள் சொல்கிற களை நெல் இதே கதைதான். காற்றடித்தால் உதிர்ந்துவிடும், அதனால் அந்தப் பெயர். 1980களில் நாற்று நடுவதை விட்டு நேரடியாக விதை தூவ ஆரம்பித்தபின் அது பெருகிவிட்டது. நாற்று நட்ட காலத்தில் வரிசைக்கு வெளியே முளைத்ததெல்லாம் களை என்று தெரியும், பிடுங்கலாம். தூவிய வயலில் எது பயிர், எது களை என்று கதிர் வந்தபிறகுதான் தெரியும். அதற்குள் அது உதிர்ந்துவிடும். நெல்லைக் கொல்லாமல் களை நெல்லைக் கொல்ல மருந்தும் இல்லை. 2010ல் ஒரு களைக்கொல்லியைத் தாங்கும் நெல் ரகம் இங்கே வந்தது, எல்லாரும் மூச்சுவிட்டோம். பிறகு அந்த மருந்துக்கும் அசையாத பாடி அங்கின் வந்தது. நான் எண்ணிய வயல்களில் அதைப் பார்த்த நாள் எனக்கு அழுகையே வந்தது. நார்தமில் உங்கள் முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தார் என்றீர்களே தம்பி, பெனாகாவில் அப்படி உட்கார்ந்தவர்களோடு நான் வரப்பில் உட்கார்ந்திருக்கிறேன்.

இனி முளைக்காத விஷயம். ஐயா, அந்த மணி சாகவில்லை, உறங்குகிறது. இதன் சொந்த ஊரில் கோடை காய்ச்சலாக இருக்கும், மழை குளிர்காலத்தில்தான் வரும். கோடையில் தப்பித்தவறி ஒரு மழை பெய்து, அதை நம்பி முளைத்தால் பத்து நாளில் கருகிவிடும். அதனால் வெப்பமாக இருக்கும்போது எவ்வளவு ஈரம் பட்டாலும் காட்டு ஓட்ஸ் எழுந்திருக்காது. ஒரே கதிரில் வந்த மணிகள்கூட ஒரே வருஷம் முளைப்பதில்லை. சில இந்த வருஷம், சில அடுத்த வருஷம், சில இன்னும் சில வருஷம் கழித்து. ஒரு வருஷப் பயிர் பொய்த்தாலும் குடும்பம் அழியாது. விவசாயிக்கு அது பெரிய தலைவலி, ஒரு தடவை உதிர விட்டால் பல வருஷம் பிடுங்க வேண்டும். உங்கள் பால்கனியில் 32 டிகிரி. அதற்கு அது நித்தியக் கோடை. பினாங்கில் எத்தனை மாதம் காத்திருந்தாலும் அதன் குளிர்காலம் வராது.

மஞ்சள் மணிக்கு இந்த உறக்கம் ஏறக்குறைய போய்விட்டது. விதைத்த வாரத்தில் எல்லாம் ஒன்றாக முளைத்து ஒன்றாக அறுவடைக்கு வந்தவையே விதைக்கு மிஞ்சின. டின்னில் இருந்தது முளைக்காததற்குக் காரணம் வேறு. அதை ஆலையில் உமி நீக்கி, ஆவியில் வேகவைத்து, பிறகு தட்டையாக்குகிறார்கள். ஆவி காட்டாவிட்டால் அதில் உள்ள கொழுப்பு சீக்கிரம் சிக்கு வாடை பிடித்துவிடும். உயிர் அங்கேயே போய்விடுகிறது.

வாலுக்கு வருகிறேன். ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் முறுக்கும். பகலும் இரவும் மாறி மாறி இப்படித் திருகித் திருகி மணி மண் வெடிப்புக்குள் இறங்கிவிடும். தன்னைத் தானே நட்டுக்கொள்கிற விதை. இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் 1665லேயே காட்டு ஓட்ஸ் வாலை நுண்ணோக்கியில் பார்த்து, அதன் நுனியில் ஒரு முள்ளைப் பொருத்திக் காற்றின் ஈரத்தைக் காட்டும் கருவி செய்தார். உங்கள் பேத்தி மேசைமேல் பார்த்ததும் அதுவே. வீட்டில் அட்டை இருந்தால் அவளைச் செய்யச் சொல்லுங்கள், மழை வருமுன் முள் நகர்வது தெரியும்.

ஜெலுத்தோங் அம்மாவுக்கு: காட்டு ஓட்ஸில் விஷம் இல்லை. கலிபோர்னியாவின் பழங்குடியினர், ஸ்பானியர்கள் வந்தபின் பரவிய காட்டு ஓட்ஸை வறுத்து மாவாக்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் மணி மெலிது, உமியும் சுணையும் அதிகம், உசத்தி என்று சொல்ல ஒன்றும் இல்லை. உங்களுக்கு வேண்டியது பீட்டா குளூக்கான் என்ற நார்ச்சத்து, அது சாதாரண ஓட்ஸிலேயே நூறு கிராமுக்குத் தோராயமாக நான்கு கிராம் இருக்கிறது. மருந்தை விடாமல் கஞ்சியைக் குடியுங்கள், சீனி போடாமல்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்த விஷயம், சொல்லாமல் விட மனமில்லை. நம் மஞ்சள் ஓட்ஸும் ஒரு காலத்தில் களைதான். மேற்கு ஆசியாவில் கோதுமையும் பார்லியும் பயிரிட்டபோது அந்த வயலில் வேண்டாத விருந்தாளியாக இருந்தது. அந்தப் பயிர்கள் வடக்கே ஐரோப்பாவுக்குப் போனபோது விதையோடு கலந்து கூடவே போனது. அங்கே குளிரும் மழையும், கோதுமை தள்ளாடியது, ஓட்ஸ் செழித்தது. ஏறக்குறைய 3000 வருஷத்துக்கு முன் அங்கே மக்கள் அதையே பயிராக ஏற்றுக்கொண்டார்கள். களையாக வந்து பயிரான செடிகளைப் பற்றி ரஷ்ய அறிஞர் நிக்கொலாய் வவிலோவ் விரிவாக ஆராய்ந்தார், கோதுமை மாதிரியான ரை தானியமும் அப்படித்தான். வயலில் நான் பிடுங்கிய எதையும் அதைப் படித்தபிறகு பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

ஐயா, செய்து பாருங்கள்: மிச்சமுள்ள கறுப்பு மணியை முதலில் அடி பாருங்கள். தனித்தனி மணிக்குத் தனித்தனிக் குழி இருந்தால் ஃபட்டுவா. இரண்டு மூன்று மணி ஒட்டிக்கொண்டு அடி மணிக்கு மட்டும் குழி இருந்தால் அது தாத்தா ஸ்டெரிலிஸ். பிறகு உமியை உரித்து, உள்ளே இருக்கும் அரிசியை முளை இல்லாத பக்கமாக ஊசியால் ஒரு குத்துக் குத்தி, ஈர டிஷ்யூவில் மடித்துக் குளிர்ப்பெட்டியின் காய்கறித் தட்டில் எட்டு பத்து நாள் வையுங்கள். ஒரு வேண்டுகோள்: கதிர் வரும்வரை விட வேண்டாம், கேமரன் மலைப் பக்கம் யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். இங்கே வெப்பம் தடுத்துவிடும், அங்கே குளிர் இருப்பதால் முளைத்துப் பரவிவிடலாம்.


லயத்துக்காரர்:

டீச்சர், கையெடுத்துக் கும்பிடுகிறேன். பேத்தி படித்துக் காட்டினாள், வீட்டுக்காரியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

கீழ்வீட்டுக்காரர் முன்பு கடிகாரம் பழுது பார்த்தவர். அவருடைய கண்ணில் மாட்டும் கண்ணாடியை வாங்கி வந்து, நடாமல் வைத்திருந்த 12 மணியையும் பார்த்தோம். நீங்கள் சொன்னது போலவே குழி, பால் குடித்த வாய். எல்லாம் தனித்தனி மணி, ஒட்டிக்கொண்டது ஒன்றும் இல்லை. மஞ்சள் மணியில் வெறும் ஒடிந்த காம்பு. 38 வருஷம் கையில் புரண்ட பொருள், ஒரு நாள்கூட அதன் அடியைத் திருப்பிப் பார்த்ததில்லை.

ஆனால் அந்த 12ல் ஒன்று எதிலும் சேரவில்லை. நிறம் பழுப்பு மஞ்சள், சுணை அடியில் மட்டும் கொஞ்சம். வால் மடங்கியிருக்கிறது. குழி இருக்கிறது, ஆழமில்லை, பாதி வட்டம் மாதிரி. இது என்ன டீச்சர்?


வயல் டீச்சர்:

நல்ல கண் ஐயா. இரண்டு வழியில் இப்படி வரலாம். பயிரும் காடும் எப்போதோ கலந்து அதன் சந்ததியாக வந்திருக்கலாம். இல்லையென்றால், காட்டு ஓட்ஸே பக்கத்தில் இல்லாத சுத்தமான ஓட்ஸ் வயலிலும் குரோமோசோம் பிசகி, காட்டுச் சாயலோடு ஒரு செடி திடீரென்று தோன்றுவது உண்டு, அதற்கு ஃபட்டுவாய்ட் என்று பெயர். ஒரு மணியைப் பார்த்து எது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அதைத் தனியாக முளைக்கப் போடுங்கள். உறக்கம் இல்லாமல் உடனே எழுந்தால் பயிர்ப் பக்கத்து ரத்தம் நிறைய இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.


செந்தூல் தம்பி:

டீச்சர், நிறம் பற்றி நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். பண்ணையில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். அடுத்த மாதம் போகிறேன், இந்த முறை அடியைப் பார்க்கிறேன்.


லயத்துக்காரர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

அந்தப் பழுப்பு மஞ்சள் மணியை உரிக்காமல், குத்தாமல் அப்படியே மண்ணில் வைத்தேன். ஆறாம் நாள் முளைத்துவிட்டது. மற்ற 11ஐயும் உரித்துக் குத்திக் குளிர்ப்பெட்டியில் வைத்தோம். காய்கறித் தட்டைத் திறக்கும்போதெல்லாம் வீட்டுக்காரி ஒரு தடவை பார்த்துவிட்டு மூடுவாள். பத்தாம் நாள் வெளியே எடுத்தபோது ஆறு மணியில் வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது. அந்த ஆறையும் தனித் தொட்டியில் வைத்திருக்கிறேன். இலை எல்லாம் இடப்பக்கம்தான் முறுக்குகிறது. கீழ் இலையின் ஓரத்தில் பூனை மயிர் மாதிரி சுணை இருக்கிறது, மஞ்சள் தொட்டியில் அது இல்லை. பழைய தொட்டியில் நட்ட 12 கறுப்பும் இன்னும் எழவில்லை. அந்த மண்ணை முழுக்கச் சலித்து எடுத்து, மணிகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிட்டேன். முளைத்தவற்றையும் கதிர் விடுவதற்குள் பிடுங்கிவிடுவேன், கவலைப்பட வேண்டாம் டீச்சர்.

பேத்தி அட்டையில் ஒரு வாலை ஒட்டி, அதன் நுனியில் சிவப்பு நூல் கட்டி, பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறாள். நேற்று சாயங்காலம் ஆயர் ஈத்தாம் மலைமேல் மேகம் இறங்கியபோது நூல் கால் வட்டம் திரும்பியது. துணியை எடுத்து உள்ளே போட்டோம், பதினைந்து நிமிஷத்தில் மழை.

மஞ்சள் தொட்டியின் இலை இப்போது முழங்கால் உயரம். நாளைக்கு அறுத்து நண்பர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரிடம் வயதான குதிரை ஒன்று இருக்கிறது, கடைவாய்ப் பல் எல்லாம் தேய்ந்துவிட்டது, மணியை மெல்ல முடியாது. இளம் இலை என்றால் தின்னும்.